தப்பு என்னுடையது என்பதற்காக அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடலாமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் திருமணத்துக்கு முன்பிருந்தே வளைகுடாவில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒரு லீவு. எட்டு வயதில் ஒரு மகள். மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று தொடங்கியிருக்கிறது. அதில் கூடப் படித்த ஒருவரோடு பேச்சு வளர்ந்து, பிறகு தனியாக, பிறகு தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் என்று ஆகியிருக்கிறது. அவருக்கும் குடும்பம் உண்டு. "இன்னைக்கு என்ன கறி?" என்று ஆரம்பித்தது "நீ பேசாம எனக்கு உறக்கம் வராது" என்பது வரை போயிருக்கிறது. நேரில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில், ஊரே கூடியிருந்த இடத்தில் மட்டும்.

இந்த முறை லீவில் வந்த கணவர் போனைப் பார்த்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து சகோதரியின் அண்ணனுக்கும், குடும்ப குரூப்புக்கும், சபை ஆயருக்கும் அனுப்பிவிட்டார். மாமியார் "தொடுப்பு" என்று சொல்லிவிட்டார். மைனி பேச்சை நிறுத்திவிட்டார். சகோதரி இப்போது மகளோடு அம்மை வீட்டில் இருக்கிறார். போன வாரம் கணவர் தரப்பில் நான்கு பேர் வந்து 100 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த ஒரு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்ததாம். லீவு முடிவதற்குள் போட்டுத் தரவேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் கேஸ், ஜெயில், ஜீவனாம்சம் கிடையாது, டிஎன்ஏ சோதனை, மகளும் போய்விடுவாள் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "தப்பு செய்தவள் நான். எனக்கு உரிமை பேச என்ன யோக்கியதை? போட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. அதில் இருக்கும் மூன்று வரிகள் உங்கள் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் அதன் கனம் தெரியவில்லை. அதற்கு வருகிறேன்.

நீங்கள் செய்தது சரி என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் அதை எதிர்பார்க்கவில்லை. உங்கள் கணவருக்கு வலித்திருக்கிறது, அந்த வலி நியாயமானது. ஆனால் செய்ததை, செய்த அளவுக்குத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்தது ஒன்று, அந்தத் தாளில் எழுதியிருப்பது வேறொன்று.

தாளில் உள்ள அந்தச் சொல்

"நான் விபசாரத்தில் ஈடுபட்டு வந்ததை ஒப்புக்கொள்கிறேன்." இதுதான் முதல் வரி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் உடம்பே நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்காமல் என்ன செய்யும்? பத்திரிகையிலும் போலீஸ் பேச்சிலும் அது காசுக்கு உடலை விற்பதைக் குறிக்கும் சொல். சபையில் வளர்ந்த உங்களுக்கு அது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆயர் உங்களிடம் மலைப்பிரசங்கத்தை எடுத்துக்காட்டி, இருதயத்தில் நினைத்தாலே அந்தப் பாவம்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர் போதகர், அவர் அளவுகோல் அது. அதை நான் குறை சொல்லவில்லை. மாமியார் சொன்ன "தொடுப்பு" இன்னும் தாராளமான சொல். நம் பக்கத்தில் ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரனின் பைக்கில் ஏறிப் போனாலே அதற்குப் போதும். ஆண் விஷயத்தில் மட்டும் "அவனுக்கு அங்க ஒரு ஆள் உண்டு போல" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

கோர்ட்டின் அளவுகோல் இவை எல்லாவற்றையும் விடக் குறுகியது. வக்கீல்கள் நாங்கள் "அடல்ட்ரி" என்றுதான் சொல்வோம். திருமணமான ஒருவர் தன் துணை அல்லாத இன்னொருவரோடு மனமறிந்து உடலுறவு கொள்வதுதான் அது. பேச்சு, கொஞ்சல், இருதய எமோஜி, "உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்" என்ற செய்தி எதுவும் அதற்குள் வராது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒரு ஜீவனாம்ச வழக்கில் இதை வெளிப்படையாகவே சொன்னது: உடல் உறவு இல்லாமல் மனைவி வேறொருவர் மீது அன்பு வைத்திருப்பது அடல்ட்ரி ஆகாது.

அதனால் அந்த வரியில் கையெழுத்துப் போட்டால், நடக்காத ஒன்றை நடந்ததாக நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

ஜெயில் பயம் முற்றிலும் வேண்டாம்

"கள்ளத்தொடர்புக்கு ஐந்து வருஷம் ஜெயில்" என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னாராம். அவர் சொன்னது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு. 1860-ல் எழுதியது. இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை என்றது. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மனைவியைக் கணவனின் சொத்துப் போல வைத்து எழுதிய பிரிவு. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் இத்தாலியில் வாழ்ந்த மலையாளி, ஜோசப் ஷைன். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இல்லை. திரும்பச் சேர்க்கலாம் என்று 2023-ல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது, ஆனாலும் சேர்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய பிரிவு உயிரோடு இருந்த காலத்தில்கூட மனைவிக்குத் தண்டனை கிடையாது. உடந்தை என்றுகூட அவளைச் சேர்க்கக் கூடாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. அன்றைக்கும் ஜெயில் இல்லை, இன்றைக்கும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், அண்ணனையோ வக்கீலையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பயத்தில் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அந்த மூன்று வரிகள்

இப்போது தாளுக்கு வருவோம். எழுதிய ஆவண எழுத்தர் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரிகள் கச்சிதமாக விழுந்திருக்கின்றன.

ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. அதன் நான்காம் உட்பிரிவு, மூன்று நிலைமைகளில் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. அவள் அடல்ட்ரியில் வாழ்ந்துகொண்டிருந்தால். தக்க காரணம் இல்லாமல் கணவனோடு வாழ மறுத்தால். இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால்.

தாளைத் திரும்பப் பாருங்கள். "விபசாரத்தில் ஈடுபட்டு வந்ததை ஒப்புக்கொள்கிறேன்." "என் சுய விருப்பத்தின் பேரில் கணவர் வீட்டை விட்டு வெளியேறினேன்." "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்." மூன்று கதவுக்கும் ஒவ்வொரு வரி. "ஜீவனாம்சம் கோரமாட்டேன்" என்று நான்காவதாக ஒரு வரி இருக்கிறதே, உண்மையில் அதுதான் பலமில்லாத வரி. சட்டம் கொடுத்த பராமரிப்பு உரிமையை ஒரு ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. உங்களைப் பயமுறுத்திய வரி அதுதான், ஆனால் ஆபத்து முதல் மூன்றில்தான் இருக்கிறது.

முத்திரைத்தாளில் எழுதினால் திருமணம் முடிந்துவிடும் என்று இருபக்கத்தாரும் நினைப்பது போலத் தெரிகிறது. முடியாது. ஊர்ப் பெரியவர்களாலும் சபையாலும் அதை முடிக்க முடியாது. கோர்ட்டால் மட்டும்தான் முடியும். அந்தத் தாளால் விவாகரத்து வராது, ஆனால் நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சியமாக அது கோர்ட்டுக்கு வரும்.

நீங்கள் வெளியேறிய விதமும் முக்கியம். மாமியார் பெட்டியைத் திண்ணையில் எடுத்து வைத்தார், கணவர் தடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது "சுய விருப்பம்" ஆகாது. தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மறந்துபோகும்.

கணவருக்கு விவாகரத்து கிடைக்குமா?

கிடைக்கலாம். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் தயாரில்லை.

நீங்கள் இருவரும் கிறிஸ்தவர்கள் என்பதால் 1869-ம் வருட விவாகரத்துச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படி விவாகரத்து மனுப் போடுவதை எங்கள் பேச்சில் ஐ.டி.ஓ.பி. போடுவது என்போம். 10-வது பிரிவில் அடல்ட்ரியும் உண்டு, கொடுமையும் உண்டு. 2001-ல் சட்டம் திருத்தப்படும்வரை கணவன் அடல்ட்ரி ஒன்றை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவி கேட்டால் அதோடு கொடுமையோ கைவிடலோ சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்ற கூத்து இருந்தது. இப்போது இருவருக்கும் ஒரே அளவுகோல்தான்.

அடல்ட்ரி என்று மனுப் போட்டால் 11-வது பிரிவின்படி அந்த நண்பரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். நீதிமன்றம் விலக்கு அளித்தால்தான் விடலாம். உங்கள் கணவரிடம் இருப்பது செய்திகள் மட்டும், சந்திப்புக்கு ஆதாரம் இல்லை. விவரம் தெரிந்த வக்கீல் அந்த வழியில் போகமாட்டார். கொடுமை என்ற வழியில் போவார். முதலில் சொன்னேனே, அதே மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், மனைவி ஆண் நண்பர்களோடு ஆபாசமாக அரட்டை அடித்தது கணவனுக்கு மனக்கொடுமை என்று சொல்லி விவாகரத்தை உறுதிசெய்தது. ஒரே கோர்ட், ஒரே வருடம். முரண்பாடு இல்லை, இரண்டு கேள்விகளும் வேறு. உங்கள் செய்திகளில் ஆபாசம் இல்லை என்கிறீர்கள். அது உதவும். ஆனாலும் இரண்டு வருடம், தினசரி, ராத்திரி நேரம் என்பதை நீதிபதி கவனிக்காமல் இருக்கமாட்டார்.

"போனை என் அனுமதி இல்லாமல் பார்த்தார், அது செல்லாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த போன் அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது உண்மை. யூடியூபில் நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த உரையாடலையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழ் வேண்டும், உண்மைத்தன்மையைக் கேள்வி கேட்கலாம், அதெல்லாம் உண்டு. அதற்காக ஸ்கிரீன்ஷாட் கோர்ட்டுக்கு வராது என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். செய்திகளை அழிக்கவும் வேண்டாம். நடுவில் நாலு வரியை வெட்டி எடுத்து அவர் காட்டினால், முழுசும் உங்களிடம் இருந்தால்தான் "உடல் உறவு பற்றி எங்கேயும் பேச்சில்லை" என்று காட்ட முடியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடக்காத உடலுறவை நடந்ததாக எழுதி, ஊர் முழுக்கப் பரப்பினால், அது உங்களுக்கு அவர் இழைக்கும் கொடுமை ஆகும். மனைவியின் ஒழுக்கத்தின் மீது ஆதாரமில்லாமல் பழி சுமத்துவது கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. இதே காரணத்தால்தான், "அவருக்கும் அங்கே யாரோ இருப்பதாக ஒரு சந்தேகம், அதைப் போட்டுவிடலாமா" என்ற உங்கள் யோசனையையும் வேண்டாம் என்கிறேன். சந்தேகத்தை வைத்து மனு எழுதினால் அது உங்கள் மீதே திரும்பும்.

பணம், நகை, வீடு

விவாகரத்தே ஆனாலும், மறுமணம் செய்யாதவரை 144-வது பிரிவில் நீங்கள் "மனைவி"தான். பள்ளிச் சம்பளம் வருவதால் கேட்க முடியாது என்பதும் சரியில்லை. அந்தச் சம்பளத்தில் நீங்கள் வாழ்ந்த நிலையில் வாழ முடியாது என்றால் கேட்கலாம், தொகையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மகளுக்கான பராமரிப்பு தனி. அம்மா மீது என்ன பழி இருந்தாலும் அது குறையாது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வளைகுடாச் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்தான் சொல்லியாக வேண்டும்.

மாமனார் பெயர் லாக்கரில் இருக்கும் 45 பவுன் உங்களுடையது. கல்யாண ஆல்பத்தில் நகை போட்ட படங்கள், கடை ரசீது எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன் கீழ் நகையைத் திரும்பக் கேட்கலாம். அந்த வீட்டில் தங்கும் உரிமையையும் கேட்கலாம், வீடு மாமனார் பெயரில் இருந்தாலும்.

பக்கத்து வீட்டு அக்கா "வரதட்சணைக் கேஸ் ஒண்ணு போடு, தானா வழிக்கு வருவாங்க" என்றாராம். வரதட்சணை கேட்டு யாரும் கொடுமை செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்ன கேஸ்? குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே உடையும், அதோடு நீங்கள் சொல்லும் உண்மைகளும் சேர்ந்து உடையும். ஸ்கிரீன்ஷாட்டைப் பரப்பியது உண்மையாக நடந்தது. அவமானப்படுத்துவதையும் இழிவாகப் பேசுவதையும் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. அவதூறு வழக்கும் சாத்தியம். என் அபிப்பிராயம், அதை இப்போது கையில் வைத்திருங்கள். மேற்கொண்டு பரப்பக் கூடாது என்று முதலில் வக்கீல் மூலம் எழுதுங்கள்.

மகள்

டிஎன்ஏ மிரட்டலைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. மகளுக்கு எட்டு வயது. அந்த நண்பரோடு பேச்சு தொடங்கி இரண்டு வருடம். கணக்குத் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சா இது? சட்டப்படி, திருமண வாழ்க்கைக்குள் பிறந்த குழந்தை கணவனின் குழந்தைதான். கரு உண்டான காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்று அவர் நிரூபித்தால் மட்டுமே அது மாறும். மனைவியின் அடல்ட்ரியை நிரூபிப்பதற்காகக் குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்துவதை வழக்கமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

மகள் யாரிடம் இருப்பது என்பதில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. அடல்ட்ரி விவாகரத்துக்குக் காரணமாகலாம், குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் காரணமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. உங்கள் விஷயம் அந்த அளவுக்கே போகவில்லை. மகளின் பள்ளியை மட்டும் மாற்றாதீர்கள். அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதையும் தடுக்காதீர்கள். அப்பாவை நீங்கள் பிரித்தீர்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சேர்ந்து வாழ ஆசை என்கிறீர்களே

கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் மனதும் முற்றிலும் விட்டுப்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்த பிறகும் மகளைப் பார்க்க மூன்று முறை வந்திருக்கிறார், கடைசி முறை அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். பேசுங்கள். அந்த நண்பரோடு பேச்சு நின்றுவிட்டது என்றால் அதைச் சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் முதலில் நிறுத்துங்கள். மன்னிப்பை நேரில், வாயால் கேளுங்கள். "என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன், எல்லாம் என் தப்பு" என்று இனி எழுத்திலோ வாய்ஸ் மெசேஜிலோ அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியவை போனது போகட்டும். ஆயரிடம் நடுவில் இருந்து பேசச் சொல்லலாம், அந்த வேலைக்கு அவர் பொருத்தமானவர். பேச்சில் ஒப்பந்தத் தாள் வெளியே வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இருவரும் உண்மையிலேயே பிரியத்தான் வேண்டும் என்று முடிவுசெய்தால், அதற்கும் கௌரவமான வழி இருக்கிறது. அதே 1869 விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் சம்மத விவாகரத்து. இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். மனுப் போட்டபின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். யாரும் யார் மீதும் பழி எழுத வேண்டியதில்லை. மகளின் செலவு, நகை, உங்கள் தொகை எல்லாம் அந்த மனுவிலேயே எழுதிக்கொள்ளலாம். கணவர் வேலைக்காக வெளிநாட்டில் இருந்த காலத்தைப் பிரிந்து வாழ்ந்த கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடிப்பது என்பது நடக்கிற காரியமே இல்லை.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டு, கணவர் மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், அப்புறம் அந்த ஒப்பந்தத்தின் போட்டோ ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அடுத்த முறை நான்கு பேர் வந்தால், "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் தரவேண்டாம் என்று விட்டுவிடுங்கள், போட்டோ போதும்.